பன்னிரண்டு தாய்மார்களும் ஒரு தக்கை டீச்சரும்

சும்மா இருப்பதில் உலகத்திலேயே கெட்டிக்காரர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், மற்ற நாட்டுக்காரர்கள் எல்லாம் பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாம். கோப்பை எங்கள் தக்கை டீச்சருக்குத்தான். நான் சோம்பேறித்தனத்தைச் சொல்லவில்லை. சோம்பேறிகளை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டிலேயே ஒருவர் உண்டு, இந்தப் பத்திரிகையை அவரும் படிப்பார் என்பதால் அதோடு விடுகிறேன். தக்கை டீச்சர் சும்மா இருந்தது முறையாக, நேரம் தவறாமல், ஒரு வேலையைப் போல. தினமும் சாயங்காலம் ஐந்தரைக்குக் கடலில் இறங்குவார். மல்லாந்து படுப்பார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் ஒன்றுமே செய்யமாட்டார்.

தக்கை என்றால், வலை முங்கிவிடாமல் இருக்க அதன் மேல் விளிம்பில் கட்டுவார்களே, அந்த மிதவை. கையில் எடுத்தால் கனமே தெரியாது. டீச்சரோ தொண்ணூறு கிலோவுக்குக் குறையமாட்டார். பட்டப்பேர் வைக்கிற விஷயத்தில் எங்கள் தெரு இதையெல்லாம் யோசிக்கிறதில்லை.

அவர் எப்படி எங்களிடம் வந்தார் என்று சொல்ல வேண்டும். தூத்துக்குடி வடக்குக் கடற்கரையில், மீன்பிடி வள்ளங்களை ஏற்றி வைத்திருக்கும் இடத்துக்குப் பின்னால், மீனவர் பிள்ளைகளுக்கான சாயங்கால மையம் ஒன்றை நான் பார்த்துக்கொள்கிறேன். பாடம், பாட்டு, சுண்டல். வெளிநாட்டில் உள்ள ஒரு குழந்தைகள் அமைப்பு எங்களுக்கு உதவுகிறது. வருஷத்துக்கு ஒரு தன்னார்வலரையும் அனுப்பி வைக்கும். நாங்கள் கேட்பது ஒன்று, வருவது ஒன்று. கணக்கு டீச்சர் கேட்டோம், மூன்று பந்தை மாற்றி மாற்றி மேலே எறிந்து பிடிக்கிற ஒருவர் வந்தார். இங்கிலீஷ் டீச்சர் கேட்டோம், சுவர் பூராவும் ஒட்டகச்சிவிங்கி வரைகிற ஒரு அம்மா வந்தார். போன வருஷம் கம்ப்யூட்டர் டீச்சர் வேண்டும் என்று கெஞ்சி எழுதினேன். நீச்சல் பயிற்சியாளர் வருகிறார் என்று பதில் வந்தது.

தெருவே சிரித்தது. மீன் விற்கிற ரோஸ்லின் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து கேட்டாள்.

"ஏளா செல்வி, அடுத்த வருசம் மீனுக்கு நீச்சல் சொல்லிக் குடுக்க ஆள் அனுப்புவாங்களா?"

"சும்மா போளா, நானே எரிச்சல்ல இருக்கேன்."

"எந்த ஊர்க்காரியாம்?"

"ஹங்கேரி."

மேப்பில் பார்த்தேன். நாலு பக்கமும் நிலம். கடல் மருந்துக்குக்கூட இல்லை. எனக்குத் தலைசுற்றியது.

மே மாத வெயிலில் வந்து இறங்கினார். அறுபது வயது இருக்கும். பெட்டியை மையத்து வாசலில் போட்டுவிட்டு நேரே கடலுக்கு நடந்தார். நான் குடையோடு பின்னால் ஓடினேன். கணுக்கால் அளவு தண்ணீரில் நின்று, குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தார். முகம் கோணிப்போனது. "உப்பு!" என்றார் என்னைப் பார்த்து, நான்தான் போட்டேன் என்பதுபோல. ஊரைச் சுற்றி அம்பாரம் அம்பாரமாக உப்பைக் குவித்து வைத்திருக்கிற இடத்துக்கு வந்து, தண்ணீர் கரிக்கிறது என்று புகார் சொன்ன முதல் ஆள் அவர்தான். அறுபது வயதில் அன்றைக்குத்தான் கடலைப் பார்க்கிறாராம். அது வரைக்கும் எல்லாம் ஏரியும் வெந்நீர்க் குளமும்தான்.

மறுநாள் காலையில் முதல் வகுப்பு. பையன்கள் பத்துப் பேர் வள்ளத்து விளிம்பிலிருந்து தொப் தொப்பென்று குதித்து, அடியில் போய், ஒருவன் சங்கோடு மேலே வந்தான். டீச்சர் மணலில் உட்கார்ந்து கை தட்டினார். தட்டி முடித்துவிட்டுத் திரும்பிக் கேட்டார்.

"பெண்பிள்ளைகள் எங்கே?"

கரையில்தான் நின்றார்கள், பன்னிரண்டு பேர், வரிசையாக. ரோஸ்லினின் மகளும் நின்றாள், என் மகள் ஜெனியும் நின்றாள். ஜெனிக்கு அப்போது ஒன்பது வயது.

"அவர்கள் இறங்குவதில்லை" என்றேன் இங்கிலீஷில்.

"ஏன்?"

எங்கள் தெருவில் பையன் பள்ளிக்கூடம் போகும் முன்னாலேயே நீந்துவான். பெண்ணுக்குக் கடல் முழங்காலோடு சரி. யாரும் தடை போட்டதாக ஞாபகம் இல்லை, யாரும் இறங்கியதாகவும் ஞாபகம் இல்லை. கடலிலிருந்து நாற்பது அடி தூரத்தில் பிறந்தவள் நான். முப்பத்தெட்டு வருஷத்தில் ஒருநாள்கூட என் இடுப்பு நனைந்ததில்லை. கடலுக்குப் போனவர்கள் திரும்பி வருகிறார்களா என்று கரையில் நின்று பார்த்தே வளர்ந்ததால், அந்தத் தண்ணீரை நான் நம்பியதே இல்லை.

ஜெனி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, நானும் எறங்கட்டா?"

"வாய மூடு" என்றேன். ஆனால் டீச்சருக்கு அந்தக் கேள்வி புரிந்துவிட்டது. தமிழே தெரியாத நாளிலும் புரிந்துவிட்டது.

பெண்பிள்ளைகளை இறக்க வேண்டுமானால் ஊர்க்கமிட்டி ஒப்புக்கொள்ள வேண்டும். தலைவர் சூசை அண்ணாச்சி. அவரைப் பார்க்கப் போவதற்கு முன்னால் டீச்சர் நாலு தமிழ் வார்த்தை கற்றுக்கொள்ள ஆசைப்பட்டார். நான் வேலையாக இருந்ததால் ரோஸ்லினிடம் அனுப்பினேன். வாழ்நாளில் நான் செய்த பெரிய தப்புகளில் அது ஒன்று. சூசை அண்ணாச்சியை அவருடைய அண்ணனே பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார். டீச்சர் கமிட்டி அறைக்குள் நுழைந்து, இரண்டு கையையும் கூப்பி, முகம் நிறையச் சிரித்து, "ஏலே சூசை, நல்லாருக்கியால?" என்றார். அண்ணாச்சி கையிலிருந்த காப்பி டம்ளர் சாய்ந்து வேட்டியில் கொட்டியது. கமிட்டிக்காரர்கள் ஆறு பேரும் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணாச்சி வேட்டியைத் துடைத்தபடி தீர்ப்புச் சொன்னார்.

"பன்னெண்டு பிள்ளையளுக்கும் ஆத்தாமாரு உண்டும்லா? மொதல்ல ஆத்தாமாரு மிதந்து காட்டட்டும். ஒருத்தி பாக்கியில்லாம மிதக்கணும். பெறவு பிள்ளைகள எறக்குவோம்."

சொல்லிவிட்டு மற்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். இதோடு கதை முடிந்தது என்று அவர் கணக்கு. எனக்கும் உள்ளூர நிம்மதிதான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ரோஸ்லின், "மிதந்துட்டாப் போச்சு" என்றாள். டீச்சருக்கு விசா மூன்று மாதம். அதற்குள் பன்னிரண்டு தாய்மாரும் மிதக்க வேண்டும். ஒருத்தி முங்கினாலும் ஜெனிக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் கடல் கிடையாது. அந்தப் பன்னிரண்டில் ஒருத்தி நான்.

பாடம் முதலில் மையத்துத் தரையில்தான் நடந்தது. டீச்சர் நீச்சலே சொல்லிக் கொடுக்கவில்லை. கை வீசு, கால் அடி என்று ஒரு வார்த்தை கிடையாது. ரோஸ்லின் கற்றுக்கொடுத்த ஒரே கட்டளைதான்: "சும்மா கெட!"

அது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பன்னிரண்டு பொம்பளைகள் பாயில் மல்லாந்து படுத்திருக்கிறோம். ஒருத்தி படுத்தபடியே பக்கத்தில் இருந்தவளின் தலையில் பேன் பார்க்கிறாள். ஒருத்தி மடியில் பூண்டு கொண்டுவந்து உரிக்கிறாள். ரோஸ்லினின் வலது கை தானாக எழுந்து ஈ விரட்டுகிறது, ஈயே இல்லை. டீச்சர் ஒவ்வொரு கையாகப் பிடித்துத் தரையில் வைத்து, "சும்மா கெட, ஏளா, சும்மா கெட" என்று வரிசை நெடுக நடந்தார். கால் மணி நேரம் கழித்து எல்லோரும் குறட்டை. எழுந்ததும் ஒருத்தி அழ ஆரம்பித்துவிட்டாள். பகலில் படுத்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டதாம். நாங்கள் அவளைத் தேற்றவில்லை, எல்லோருக்கும் அதே கணக்குத்தான்.

பிறகு கடலில். காலை ஆறு மணி, ஆண்கள் தொழிலுக்குப் போன பிறகு. எங்கள் கடலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் அது குளம் மாதிரி கிடக்கும். தூரத்தில் அனல்மின் நிலையத்துப் புகை போகிற போக்கில் அப்படியே நிற்கும். துறைமுகத்து விளக்குகள் அணையலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும். வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறம், நடுவில் கோடு கிடையாது. அதற்குள் நைட்டியும் மேல்துண்டுமாகப் பொம்பளைகள் இறங்கி நிற்பார்கள். டீச்சர் ஒவ்வொருத்தியாகப் பிடரியில் கை கொடுத்துச் சாய்ப்பார். நைட்டி காற்றடைத்துப் பூப்போட்ட பலூனாக எழும்பும்.

முதலில் மிதந்தது ரோஸ்லின். அவள் குரல் வந்தது, வாழ்க்கையில் அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"ஏளா... மேல ஒண்ணுமே இல்லளா. வெலை கேக்க ஒருத்தரும் இல்ல."

டீச்சரின் சாயங்கால மிதப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் வாரம் ஒரு வள்ளக்காரர் கரை திரும்பும்போது, கடல்பசு ஒன்று செத்து மிதக்கிறது என்று நினைத்து, இன்ஜினை அணைத்துவிட்டுப் பக்கத்தில் போயிருக்கிறார். கம்பால் மெல்லத் தொட்டும் பார்த்திருக்கிறார். கடல்பசு ஒரு கண்ணைத் திறந்து, "வணக்கம். மீன் உண்டுமா?" என்றது. அந்த மனிதர் இரண்டு நாள் தொழிலுக்குப் போகவில்லை.

இந்தக் கூத்தில் எல்லாம் நான் எங்கே இருந்தேன்? இடுப்பளவு தண்ணீரில் விசிலோடு. மேற்பார்வை! யாராவது ஒருத்தி பார்த்துக்கொள்ள வேண்டாமா என்று எனக்கு நானே உத்தியோகம் கொடுத்துக்கொண்டேன். மூன்றாவது வாரம் டீச்சர் வந்து என் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். என்னைச் சாய்த்தார். நான் படுத்த வேகத்தில் தலையைத் தூக்கினேன். தலை தூக்கினால் கால் இறங்கும், கால் இறங்கினால் ஆள் முங்கும். மறுபடி சாய்த்தார், மறுபடி தூக்கினேன். கரையில் ஜெனி நிற்கிறாளா என்று பார்க்காமல் என்னால் நாலு மூச்சுக்கூட விட முடியவில்லை.

"நீ பாக்கல. ஜெனி எங்க போவும்?" என்றார் டீச்சர், கூட்டிச் சேர்த்த தமிழில். "ஜெனி அங்கனதான் நிக்கும்."

எனக்குத் தெரியாதா? கழுத்துக்குத் தெரியவில்லையே.

இரண்டரை மாதம் போனது. பதினொரு பேரும் மிதந்தார்கள். நான் மட்டும் தினமும் குடிக்க வேண்டிய உப்புத்தண்ணீரைக் குடித்துவிட்டுக் கரையேறினேன். ஜெனி ஆரம்பத்தில் தினமும் கேட்பாள், "இன்னைக்கு மிதந்தியாம்மா?" என்று. அப்புறம் இரண்டு நாளைக்கு ஒருமுறை. அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டாள். துண்டை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

சோதனைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தார் சூசை அண்ணாச்சி. ஞாயிறு எங்களுக்குத் தொழில் கிடையாது, எல்லோரும் பார்க்கலாம். பூசை முடிந்து எட்டு மணிக்கு என்று பேச்சு. முந்தின நாள் ரோஸ்லின் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"இங்கேரு, நீ கழுத்தளவுல நில்லு. கால் வெரல் தரையில இருக்கட்டும். மூஞ்சிய மட்டும் மேல காட்டு. கரையில இருந்து பாக்கிறவனுக்கு என்னத்தத் தெரியப் போவுது?"

"அது ஏமாத்துறதுல்லா?"

"பின்ன? பன்னெண்டு பிள்ளைக மூஞ்சியப் பாரு, பெறவு பேசு."

ஒப்புக்கொண்டேன். டீச்சரிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாற்காலி போடவே ஒன்பதாகிவிட்டது. நாற்காலியை வெயிலில் போட்டதா நிழலில் போட்டதா என்று ஒரு சண்டை. பிறகு அண்ணாச்சி பேச எழுந்தார். எங்கள் முன்னோர் முத்துக்குளித்ததிலிருந்து ஆரம்பித்தார். முக்கால் மணி நேரத்தில் போன தலைமுறைக்குத்தான் வந்திருந்தார். நாங்கள் தண்ணீருக்குள் தயாராக நின்று நடுங்கிக்கொண்டிருந்தோம். அந்த மாதங்களில் எங்கள் ஊரில் கச்சான் அடிக்கும், நிலத்திலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற மேல்காற்று. விடிகாலையில் தூங்கும், வெயில் ஏற ஏற எழுந்துகொள்ளும், சாயங்காலம் மறுபடி அடங்கிவிடும். கரையிலிருந்த ஆண்கள் அத்தனை பேருக்கும் அது தெரியும். பேச்சு சுவாரசியத்தில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

"சும்மா கெட!" என்று கத்திவிட்டு டீச்சர் விசில் ஊதினார். பதினொரு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு மல்லாந்தார்கள். டீச்சரும் ஓரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் பக்கத்தில் கால் விரலை மணலில் ஊன்றி, முகத்தை மட்டும் வானத்துக்குக் காட்டினேன். கரையில் எண்ணுகிற சத்தம் கேட்டது. பன்னிரண்டு.

கொஞ்ச நேரத்தில் என் பக்கத்தில் இருந்த ரோஸ்லினின் கை எட்டவில்லை. திரும்பிப் பார்த்தேன். வரிசை முழுதும் என்னை விட்டு நாலு வள்ள நீளம் போய்விட்டது. பூப்போட்ட நைட்டிகள் கச்சானுக்குப் பாய் விரித்ததுபோல உப்பி, மெதுவாக, சத்தமில்லாமல், கடலுக்குள் இருக்கும் முயல்தீவைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. காது தண்ணீருக்குள் இருப்பதால் ஒருத்திக்கும் ஒன்றும் கேட்காது. டீச்சருக்கு ஏரியில் படுத்த பழக்கம், படுத்த இடத்திலேயே இருப்போம் என்ற நம்பிக்கை.

"போறாங்க! இழுத்துட்டுப் போவுது!" என்று கரையைப் பார்த்துக் கத்தினேன். கரையில் கை தட்டினார்கள். தூரமாக மிதப்பது இரண்டாவது பாடம் என்று நினைத்துவிட்டார்களாம்.

யோசிக்க நேரமில்லை. ரோஸ்லினைப் பிடித்துவிடலாம் என்று ஓடினேன். ஐந்து எட்டில் மணல் முடிந்துவிட்டது. முங்கினேன். மூக்கு, வாய், காது எல்லாம் உப்பு. என் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போதே போகப்போகிறோம் என்றுதான் நினைத்தேன். வேறு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. கை கால் அடித்து அடித்து, இனி அடிக்கத் தெம்பில்லை என்று ஆனபோது விட்டுவிட்டேன்.

விட்டதும் முகம் மேலே வந்தது.

சூசை அண்ணாச்சியின் குரல் இல்லை. கைதட்டல் இல்லை. என் மூச்சு மட்டும் எங்கோ பக்கத்து வீட்டில் கேட்பதுபோலக் கேட்டது. கொண்டை அவிழ்ந்து முடி என்னைச் சுற்றி அலைந்தது. உயரத்தில் ஒரு பருந்து சிறகை அசைக்காமல் நின்றது. எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. பயம் இருந்தது, ஆனால் அது கரையிலேயே நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டது, நான்தான் போகவில்லை.

யாரோ பிடரியைத் தொட்டார்கள். டீச்சர். கை கால் அடித்ததில் அவர்கள் பக்கத்தில் வந்துவிட்டேன் போல. என் முகத்தைப் பார்த்துச் சந்தோஷமாக ஏதோ சொல்ல வந்தவர், நிமிர்ந்து பின்னால் பார்த்தார்.

"கரை எங்க?"

"அங்கன" என்றேன், தலையைத் தூக்காமல்.

டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க ஊர்ல கரை இப்படி ஓடாது!"

அதற்குள் கரையில் உள்ளவர்களுக்கு விஷயம் புரிந்து, புத்தம்புது வள்ளம் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சூசை அண்ணாச்சியின் வள்ளம்தான். இன்னும் ஒருநாள்கூடத் தொழிலுக்குப் போகாதது. அவர் வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் நின்று, முகம் வெளுத்துக் கேட்டார்.

"ஏளா, எல்லாரும் உயிரோட இருக்கியளா?"

"இருக்கோம் அண்ணாச்சி" என்றாள் ரோஸ்லின். "சும்மா கெடக்கோம்."

ஒவ்வொருத்தியாக ஏற்றினார்கள். "புது வள்ளத்துக்கு மொத மீன்பாடே பன்னெண்டு பொம்பளையா, மாதாவே!" என்று அண்ணாச்சி தலையில் கைவைத்துக்கொண்டார். டீச்சரை ஏற்ற நாலு ஆண்கள் முயன்று பார்த்து, வள்ளம் சாய்ந்ததும் விட்டுவிட்டார்கள். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். அவர் பின்னால் மல்லாந்தபடியே வந்தார், கரையில் நின்ற பிள்ளைகளுக்குக் கையசைத்துக்கொண்டு.

கரையேறியதும் ஜெனி ஓடிவந்து என் ஈர வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அண்ணாச்சி நாற்காலியைத் தட்டினார்.

"பாத்தியளா ஆபத்த? இதோட நிறுத்து. பிள்ளைகளும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. நான் ஜாஸ்தி பேசாதவள்.

"அண்ணாச்சி, ஒருத்தி பாக்கியில்லாம மிதக்கச் சொன்னிய. நான் காலை ஊணிக்கிட்டுத்தான் நின்னேன், ஏமாத்தத்தான் பார்த்தேன். பெறவு முங்குனேன். மிதக்கத் தெரியலைன்னா இப்பம் நீங்க என் பிள்ளைக்கு என்ன சொல்லிக்கிட்டு இருப்பிய? கச்சான் எந்திரிக்க முன்ன எட்டு மணிக்கு எறக்கியிருந்தா ஒரு வில்லங்கமும் இல்ல. முத்துக்குளிச்ச கதைய யாரு கேட்டா?"

கூட்டத்தின் பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அண்ணாச்சியின் மனைவிதான். அதற்கப்புறம் அண்ணாச்சி என்ன செய்வார்? காற்றும் நீரோட்டமும் தெரிந்த ஓர் ஆள் எப்போதும் கூட இருக்க வேண்டும், இடுப்பில் கயிறு கட்ட வேண்டும், வெயில் ஏறும் முன்னால் கரையேறிவிட வேண்டும் என்று அடுக்கினார். அந்த ஆள் யார் என்று கேட்டோம். "நான்தான், வேற எந்தப் பய?" என்றார். அந்த வாரம் முழுதும் டீச்சரைக் கரையில் உட்காரவைத்து, எந்தக் காற்று எங்கே இழுக்கும் என்று மணலில் கோடு போட்டுச் சொல்லிக் கொடுத்தார். டீச்சர் நோட்டில் எழுதிக்கொண்டு, "சரி சூசை" என்றார். ஏலேயை எப்படியோ விட்டிருந்தார்.

பிள்ளைகள் இறங்கிய நாளில் டீச்சருக்கு ஊரில் இன்னும் ஒரு நாள்தான் பாக்கி. ஜெனியின் பிடரியில் நானே கை கொடுத்தேன். சாய்ந்தாள். கண்ணை மூடினாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, நான் கையை எடுத்ததும் அவளுக்குத் தெரியவில்லை. எழுந்து, முடியைப் பின்னால் தள்ளிவிட்டு, மூச்சு வாங்கச் சொன்னாள்.

"அம்மா, உள்ள சத்தமே இல்லம்மா."

"தெரியும்ளா" என்றேன். அழுகை வந்துவிட்டது. தண்ணீரில் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் டீச்சரை ரயிலேற்றிவிட்டு வந்தோம், பன்னிரண்டு பேரும். மக்ரூன் ஒரு டப்பா, சீலாக் கருவாடு ஒரு பொட்டலம். அடுத்த வாரம் அந்த அமைப்பிலிருந்து ஒரு படிவம் வந்தது. தன்னார்வலர் பழகிய விதம் எப்படி, குழந்தைகளுக்குப் பிரயோஜனமா என்று ஒரு பக்கம் கேள்வி. மையத்தில் எல்லோரும் சுற்றி உட்கார, நான் போனில் ஒவ்வொன்றாக நிரப்பினேன். கடைசிக் கேள்வி: இவர் வந்த வேலை முடிந்ததா?

முடிந்தது என்று போடப் போனேன். ரோஸ்லின் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். மற்றவர்களைப் பார்த்தேன். ஒவ்வொருத்தியும் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

'முடியவில்லை. தயவுசெய்து அவரையே திரும்ப அனுப்பவும்' என்று எழுதினேன். அதே வரியை இதுவரை மூன்று தடவை எழுதி அனுப்பிவிட்டேன்.